அம்மோனைட்டின் மஞ்சள் கண்

"எனக்குத் தெரியாது" என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது என்னுடைய இருபத்து நான்காவது வயதில். அதுவரை யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது வழி கேட்டால், பேரே கேள்விப்படாத ஊருக்குக்கூடக் கையை நீட்டித் திசை காட்டிவிடுவேன். (அப்படி நான் அனுப்பிவைத்தவர்கள் எல்லோரும் எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று இப்போதும் ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.) இந்த வியாதியை ஒரே நாளில் குணமாக்கியது ஒரு கண். அதுவும் டைனோசர் காலத்தோடு பூண்டற்றுப் போன ஒரு கடல் பிராணியின் கண்.

எங்கள் குடும்பத்தில் பெண்ணாகப் பிறந்தால் நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். அம்மா நர்ஸ். பெரியம்மா டீச்சர். இரண்டு சித்திகளில் ஆளுக்கு ஒன்று. நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த மறுவாரமே அம்மா பி.எட். விண்ணப்பத்தை வாங்கி வந்து, என் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே நிரப்பி வைத்துவிட்டார். எனக்கோ வகுப்பில் நிற்கவே பயம். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். நான் பதில் தெரியாமலேயே பதில் சொல்வேன். அதையும் அவர்கள் பரீட்சையில் எழுதிவைப்பார்கள். இதில் நானாவது தப்பித்துவிடுவேன், பிள்ளைகள் பாவம் இல்லையா?

பிளஸ் டூவில் எனக்கு விலங்கியல் எடுத்த மார்கரெட் டீச்சர்தான் வழி காட்டினார். சிவகாசியில் ஒரு அச்சகம். பள்ளிக்கூடங்களில் தொங்குமே, விலங்குகள், எலும்புக்கூடு, தேசத் தலைவர்கள் என்று வண்ண சார்ட், அதெல்லாம் அங்கே அடிக்கிறார்கள். அறிவியல் சார்ட்டுகளுக்கு வாசகம் எழுதிப் பார்த்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். டீச்சர் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"போன வருசம் ஒருத்தர் திமிங்கிலத்த மீனு கூட்டத்துல போட்டுட்டாரும்மா. அம்புட்டு பள்ளிக்கூடத்துலயும் திருப்பி விட்டுட்டாக. லோடு லோடா இங்கன வந்து எறங்குச்சு" என்றார் அண்ணாச்சி. "அதனால உடனே வேலைன்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் இருங்க. ஒரே ஒரு சார்ட்டு, தப்பில்லாம முழுசாப் போட்டுக் காட்டுங்க. உங்க டீச்சர் வந்து பாத்து சரின்னாகன்னா வேலை உங்களுக்குத்தான்."

தப்பு வந்தால் நிரப்பி வைத்த பி.எட். விண்ணப்பம் வீட்டில் காத்திருக்கிறது. அன்று சாத்தூர் திரும்பும் பஸ்ஸில், தப்பு என் பக்கத்திலேயே வரக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

சார்ட்டின் தலைப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன்: 'அழிந்துபோன ஓடுடைய கடல் உயிரினங்களும் இன்று வாழும் அவற்றின் உறவுகளும்'. ("தலைப்பே பாதி சார்ட்டுக்கு வரும்போல இருக்கே" என்றார் அண்ணாச்சி.) நடுவில் இரண்டு பெரிய படங்கள். இடப்பக்கம் அம்மோனைட், சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அழிந்தது. வலப்பக்கம் நாட்டிலஸ், அதேபோலச் சுருண்ட ஓட்டோடு ஆழ்கடலில் இன்றும் நீந்திக்கொண்டிருப்பது. கீழே இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை. கல்லூரிச் சுற்றுலாவில் அரியலூர்ப் பக்கம் பொறுக்கிய அம்மோனைட் புதைபடிவம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய் அண்ணாச்சி மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கும் அந்த உசுரோட இருக்கதுக்கும் என்ன மொறை?"

"தூரத்துப் பங்காளிங்க அண்ணாச்சி. உண்மையில அம்மோனைட்டுக்கு நெருங்கின சொந்தம் கணவாய்தான்."

"கணவா மீனா? அப்பக் கூடப்பொறந்தவன விட்டுட்டு பங்காளியப் போய் பக்கத்துல நிறுத்துறீகளே, என்ன நியாயம்?"

"கணவாய்க்கு வெளியில ஓடு கிடையாது அண்ணாச்சி. ஜோடியா நிறுத்தினா படம் எடுபடாது."

"கல்யாண வீட்டு போட்டோ கணக்கா சொல்லுதீக" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

படம் வரைய வேலுச்சாமி அண்ணன். வருடம் முழுக்கப் பட்டாசுப் பெட்டி லேபிள் வரைகிறவர். புலி, ராக்கெட், மயில், சிரிக்கும் குழந்தை என்று என்ன வரைந்தாலும் பின்னால் நாலு பொறி பறக்கும். என் புதைபடிவத்தைக் கையில் வாங்கியதும், "இது தரைச்சக்கரம்ல" என்றார். முதல் நாள் அவர் வரைந்து காட்டிய அம்மோனைட் நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தது, வாயிலிருந்து வண்ணப் பொறி கொட்ட. பொறிகளை எடுக்கச் சொல்லி இரண்டு நாள் மன்றாடினேன். கடைசியில் ஓட்டின் மேலே இருக்கும் வரிகளை மட்டும் அவ்வளவு நுணுக்கமாகப் போட்டுத் தந்தார், தொட்டால் விரலில் நெருடும் போலிருந்தது.

"ஓடு சரி. உள்ள இருக்க உடம்பு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

அம்மோனைட்டின் ஓடு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. உள்ளே இருந்த மெல்லுடல் அநேகமாகக் கிடைப்பதில்லை. அதனால் அதன் முகம் இப்படித்தான் இருந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இதை நான் அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் எம்.எஸ்ஸி. என்ன ஆவது? "பயந்து உள்ளே இழுத்துக்கிட்ட மாதிரி வரைங்கண்ணே. கொஞ்சம் சதையும் நாலு கை நுனியும் தெரிஞ்சாப் போதும்" என்றேன். பயந்துபோய் உள்ளே இழுத்துக்கொண்டது யார் என்று இப்போது புரிகிறது.

அவர் வெள்ளிக்கிழமை மதியம் படத்தை முடித்து ஸ்கேனர் மேல் வைத்துவிட்டு, தீபாவளி சீசன் லேபிள் வேலைக்குப் போய்விட்டார். நான் வழக்கம்போல ஐந்து மணிக்கே பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். சனிக்கிழமை காலையில் வந்து, படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்தேன். முடிந்ததும் ஸ்கேனர் கண்ணாடியில் ஏதோ சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். (துப்பறியும் மூளை இருக்கிற யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.)

பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அம்மோனைட்டுக்குக் கண் வந்திருந்தது.

கை நுனிகளுக்கு மேலே, சதையில், வட்டமாக ஒரு மஞ்சள் வளையம். நடுவில் சிவப்பாக ஒரு பாவை. பெரிதாக்கிப் பார்த்தால் மஞ்சளில் சின்னச் சின்ன வெடிப்புகள்கூட இருந்தன. உயிருள்ள கண் போலவே அது என்னைப் பார்த்தது. வேலு அண்ணன் தானாக எதையோ படித்து வரைந்திருக்கிறார் என்று நினைத்தேன். பொறியை விட முடியாத மனிதருக்குள் இப்படி ஒரு விஞ்ஞானியா என்று மெய்சிலிர்த்துப் போனேன். வழியில் அவரைப் பார்த்தபோது, "அண்ணே, கண்ணு பிரமாதம்" என்றேன். அவர் வலப்பக்கத்து நாட்டிலஸின் கண்ணைச் சொல்கிறேன் என்று நினைத்து, "அதுக்கென்னம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். ஒப்பீட்டு அட்டவணையில் ஓட்டின் மேல்புறம், உள் அறைகள், அறைச் சுவர்களின் மடிப்பு என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வரியில் 'கண்' என்று போட்டேன். நாட்டிலஸ் பக்கம்: 'வில்லை இல்லாத, ஊசித் துளை போன்ற எளிய கண்.' இது சரி. அம்மோனைட் பக்கம்: 'மஞ்சள் வளையமும் சிவப்புப் பாவையும் கொண்ட, வளர்ச்சியடைந்த கண்.' போதாததற்குப் படத்திலும் ஒரு அம்புக்குறி போட்டு 'கண்' என்று எழுதினேன். தீபாவளி லேபிளுக்கு மிஷின் வேண்டும் என்பதால், டீச்சர் வந்து பார்ப்பதற்கு முன்பே சார்ட் இரண்டாயிரம் அடித்தாகிவிட்டது.

அடுத்த வாரம் விருதுநகரிலிருந்து மார்கரெட் டீச்சர் வந்தார். அவர் சரி என்று சொன்னால் பத்துப் பதினைந்து பள்ளிக்கூடங்கள் வாங்கும். அண்ணாச்சி மேசையைத் துடைத்து, முதல் சார்ட்டை விரித்து, நாலு மூலையிலும் பேப்பர்வெயிட் வைத்தார். எனக்கும் ஒரு டீ சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானவர்களுக்குத்தான் அந்த அறையில் டீ என்று எனக்குத் தெரியும். அதனால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். "நல்லா எழுதியிருக்க எஸ்தர். மடிப்பு வித்தியாசமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கே புரியும்" என்றார். நான் டீயில் ஒரு வாய் குடித்தேன். டீச்சரின் விரல் ஐந்தாவது வரியில் வந்து நின்றது.

"இது எங்கே படிச்ச?"

"எது டீச்சர்?"

"அம்மோனைட்டோட கண்ணு மஞ்சள்னு."

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி, "படத்தில் இருந்தது டீச்சர், பார்த்து எழுதினேன்" என்று சொல்லியிருப்பாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன்.

"ஆழ்கடல்ல வெளிச்சம் ரொம்பக் கம்மி டீச்சர். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்துப் பிடிக்கத்தான் அந்த மஞ்சள் வளையம். நடுவில சிவப்பு இருக்கிறது இரையோட அசைவைப் பிடிக்க."

"கண்ணு எந்தப் புதைபடிவத்துல இருந்துச்சு?"

"அரியலூர்ப் பக்கம் டீச்சர்."

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஆறு வருடம் முன்னால் வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் பார்த்தார். (அப்போது எங்கள் வீட்டில் ஆடு கிடையாது.)

அண்ணாச்சிக்கு எதுவோ சரியில்லை என்று மட்டும் புரிந்துவிட்டது. வாசலைப் பார்த்து, "ஏலே வேலு, இங்கன வா" என்றார். வேலு அண்ணன் வந்தார். "இந்தக் கண்ண எதப் பாத்துலே வரைஞ்ச?"

வேலு அண்ணன் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "நா இதுக்குக் கண்ணே வரையலையே அண்ணாச்சி. இந்தப் பிள்ளைதான உள்ள இழுத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுச்சு? உள்ள இருக்கதுக்குக் கண்ணு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி எழுந்துபோய் மூலப்படத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதில் கண் இருந்தது. பாதிக் கண், மீதி உதிர்ந்துபோயிருந்தது. டீச்சர் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். மஞ்சள் தூள் வந்தது. அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் உறைத்தது. அச்சகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை. பைண்டிங் பார்க்கும் முத்துலட்சுமி அக்கா தட்டோடு சுற்றி வந்து மிஷின், கம்ப்யூட்டர், கட்டிங் கத்தி என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார். நான்தான் ஐந்து மணிக்கே ஓடிவிடுகிறேனே, பார்த்ததே இல்லை. சனிக்கிழமைகளில் மிஷின் நெற்றியில் மஞ்சளும் சிவப்பும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மிஷினுக்காவது அது கண் என்று நான் நினைத்ததில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் கை பசையோடு வந்து நின்றார்.

"ஆமா, நாந்தேன் வச்சேன்" என்றார். "வெள்ளிக்கெளம. ஸ்கேனருக்கு வைக்கலாம்னு போனா மேல இது இருக்கு. புது வேலைன்னு சொன்னாக. சரி, ஏதோ ஒரு சீவன், நல்லபடியா அச்சாகட்டும்னு வச்சேன். மூஞ்சி எங்கிட்டு இருக்குன்னுதேன் வெளங்கல. கை இருக்க பக்கந்தான மூஞ்சி இருக்கும், அதுக்கு மேல நெத்தின்னு நெனச்சுக்கிட்டேன். ஏன் டீச்சர், தப்பா?"

டீச்சர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தப்பே இல்லை. தலையும் கால்களும் ஒரே பக்கம் இருக்கிறதாலதான் இதுக்குத் தலைக்காலின்னே பேரு. நீங்க தலையைச் சரியாக் கண்டுபிடிச்சுட்டீங்க. எம்.எஸ்ஸி. படிச்சவதான் பொட்டைப் பாத்துக் கண்ணுன்னு எழுதிட்டா."

வேலு அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அவமானத்தைவிடப் பெரிதாக, டீச்சர் பேரையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா எஸ்தரு, இந்தப் பிராணிக்கு நெசத்துல என்ன கலரு கண்ணு?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றேன். "யாருக்குமே தெரியாது. அரியலூர்னு சொன்னதும் பொய். பி.எட்.டுக்கே போயிடறேன்."

அவர் நாலு பேப்பர்வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சார்ட்டைச் சுருட்டினார். "திமிங்கிலத்த மீனுன்னு போட்டவரு இருக்காரே, கடைசி நாள் வரைக்கும் அது மீனுதான்னு சாதிச்சுட்டுப் போனாரு. கடல்ல கெடக்குல்ல, அப்பறம் என்னன்னு கேட்டாரு. நீங்க அரை மணி நேரத்துல ஒத்துக்கிட்டீக. இந்த ரெண்டாயிரத்தையும் சரி பண்ணிட்டு, திங்கக்கெளம வேலைக்கு வாங்க. இனிமே வெள்ளிக்கெளம பூசை முடிஞ்சுதான் நீங்க வீட்டுக்குப் போகணும்."

சரி பண்ணும் வழியை டீச்சர் சொன்னார். கண்ணையும் அம்புக்குறியையும் சேர்த்து மூடுகிற மாதிரி சதை நிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர். ஐந்தாவது வரியில் இன்னொரு ஸ்டிக்கர்: 'இதன் கண் எப்படி இருந்தது என்று இன்னும் தெரியவில்லை.' நானும் முத்துலட்சுமி அக்காவும் நாலு நாள் தரையில் உட்கார்ந்து நாலாயிரம் ஸ்டிக்கர் ஒட்டினோம். நான் ஒன்று ஒட்டுவதற்குள் அவர் மூன்று ஒட்டிவிடுவார். "பாவம், கண்ண மூடிட்டோமே" என்று ஒவ்வொரு அம்மோனைட்டிடமும் சொல்லிக்கொண்டே ஒட்டினார். அந்த நாலு நாளைப் போல நான் எந்த ஆபீஸிலும் சந்தோஷமாக இருந்ததில்லை. (பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யும் முதல் வேலையே அந்த ஸ்டிக்கரை உரிப்பதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார். உள்ளே மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் வகுப்பே கைதட்டுமாம்.)

வீட்டில் சொல்லத்தான் பயம். அம்மா சிரிக்கிற ரகம் இல்லை. பிரசவ வார்டிலேயே இருபது வருடம் வேலை பார்த்தவர். சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் துருவலை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். சிரிப்புதான் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

"நம்ம வீட்டுல நாலு தலமுறையா ஒருத்தி நெத்தியில பொட்டு கிடையாது" என்றார். "எம் மக ஒரு நத்தைக்குப் பொட்டு வச்சு, அத ரெண்டாயிரம் அச்சடிச்சுட்டு வந்திருக்கா."

"அது நத்தை இல்லம்மா, தலைக்காலி. பொட்டும் நான் வைக்கல."

"டீச்சர் மோந்து பாத்துதான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். பி.எட். விண்ணப்பத்தைப் பற்றி அன்றைக்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை அடித்துச் சொன்னாலும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "மோந்து பாத்தியா?" நாளைக்கு மழை என்று அப்பா சொன்னாலும் அதுதான். இந்த மீன் புதுசு என்று மீன்காரர் சொன்னாலும் அதுதான். (அவரிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது.) நாளாக ஆக அம்மாவுக்கு அது நாக்கில் ஊறிப்போய், யோசிக்காமலே வர ஆரம்பித்துவிட்டது.

அப்படித்தான் என்னைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து வந்த அன்றும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா காபியை வாங்கிக்கொண்டு கம்பீரமாக, "எங்க பையனுக்கு பீடி, சிகரெட்டு, குடின்னு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாதுங்க" என்றார். அம்மா முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, ரொம்ப மரியாதையாக, "மோந்து பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானே முன்னால் வந்து, அம்மோனைட்டில் ஆரம்பித்து அரியலூர்ப் பொய் வரை முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறி, காபியை வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நான் சம்மதம் சொன்னது அந்தச் சிரிப்புக்காகத்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. சாத்தூருக்கு அம்மா வீட்டுக்கு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் அவர் முதலில் என் அம்மா முன்னால் போய்க் குனிந்து சட்டைக் காலரை நீட்டுகிறார். அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நர்ஸுக்கே உரிய பொறுப்போடு மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு போடுகிறார்.